மங்கம்மாவின் பத்து மடவை

ஆராய்ச்சியாளர்களைப் பற்றி எழுதுவது என் பிழைப்பு. கண்ணாடிக் குழாயைப் பிடித்துச் சிரிக்கும் படத்தோடு கட்டுரை கேட்பார்கள், எழுதிக் கொடுப்பேன். உயிர்வேதியியல் என்றால் வெள்ளை அங்கியும் விலையுயர்ந்த கருவியும்தான் என்று நம்பும் ஆசிரியர்களோடு சண்டை போட்டு அலுத்துவிட்டது. இந்தத் தடவை டாக்டர் ஜானட்டைப் பற்றி எழுதப் போனவன், மங்கம்மாவைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

மங்கம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பம். கணவர் துரை வலை போடுவார், இவர் திருவொற்றியூரில் மீன் விற்பார். நான்கு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பத்து மடவை மீனை உயிரோடு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கல்மண்டபம் பக்கத்திலிருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் சிந்துகிறது என்று ஆட்டோக்காரர்கள் திட்டாத வாரமில்லை. இவரும் வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை.

அந்த மீனின் பித்தம்தான் ஜானட்டுக்கு வேண்டும். எண்ணெய்க் கழிவு மீனின் உடம்பில் புகுந்தால் கல்லீரல் அதை உடைத்துப் பித்தப்பையில் தள்ளிவிடும். பித்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்து ஒளியைப் பாய்ச்சினால் எவ்வளவு எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். கழிமுகத்தில் எண்ணெய் கலந்து இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் தேறிவிட்டதா என்று விசாரணைக் குழு ஜானட்டிடம் கேட்டிருந்தது. வருகிற புதன்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். தேறிவிட்டது என்று அவர் எழுதினால் குப்பத்துக்காரர்கள் போட்ட வழக்கு மூடப்படும்.

நான் சனிக்கிழமை போனேன். படம் எடுக்க மங்கம்மாவையும் வரச்சொல்லியிருந்தேன். ஜானட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள், எளிதில் கலங்குகிறவர் இல்லை. அன்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு எடுத்த பழவேற்காட்டு மீனைவிட எண்ணூர் மீன் சுத்தமா இருக்குன்னு வருது. கருவியை மூணு தடவை சரிபார்த்துட்டேன். இதைத்தான் நான் கொடுத்தாகணும்."

"சுத்தமா?" என்றார் மங்கம்மா. "கால வச்சா அரிப்பு எடுக்குது மேடம். சொறிஞ்சிகினே கீறோம்."

"எனக்கும் தெரியும்க்கா. பித்தம் அப்படிச் சொல்லலையே. பையில ஒண்ணுமே இல்ல, வெளிறிப்போய் கிடக்குது. தின்னு முடிச்ச மீனுக்குத்தான் அப்படி இருக்கும். தின்னா பித்தம் குடலுக்குள்ள கொட்டிடும். காலையில வெறும் வயித்தோட பிடிச்சு நேரா கொண்டு வர மீனுக்கு எப்படி…"

மங்கம்மா சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பார்த்தேன். ஜானட் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் மங்கம்மா வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"காலீல புடிக்கல மேடம்," என்றார்.

குப்பத்தில் அதற்குப் பாடு என்று பெயர். மீன் படும் இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உன் முறை வரும் நாள் உன்னுடையது. மற்ற நாளில் உன் வலை அங்கே நனையக்கூடாது. துரையின் பாடு வெள்ளிக்கிழமை. ஜானட் கேட்டதோ திங்கட்கிழமை மீன். படித்த பெண் ஒருத்தி கேட்கிறாள், முடியாது என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை பிடித்ததைக் கடல் தண்ணீர் ஏறும் பக்கம் வலைக்கூண்டில் விட்டு, மூன்று நாள் தவிட்டு உருண்டையும் கூனி இறாலும் போட்டு வளர்த்திருக்கிறார் மங்கம்மா. வாடாமல் துள்ளிக்கொண்டு போய்ச் சேரட்டும் என்றுதான்.

ஜானட் தன் நோட்டைப் புரட்டினார். பிடித்த நேரம் என்ற இடத்தில் எல்லாப் பக்கத்திலும் காலை ஆறு மணி. யாரையும் கேட்காமல் அவராகவே எழுதியது. கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "நான் ஒரு வாட்டிகூட உங்களைக் கேக்கல," என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரே வழிதான் மிச்சம். திங்கட்கிழமை காலை அப்போதே பிடித்த, தீனி போடாத பத்து மீன். ஆனால் திங்கட்கிழமை அசோகனுடைய பாடு. துரைக்குப் பெரியப்பா மகன், வயதில் இளையவர். பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம். அடுத்தவர் பாட்டில் மீன் கேட்பது பங்கு கேட்பதற்குச் சமம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கேட்கப் போன மங்கம்மாவோடு நானும் போனேன். அசோகன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"உன் பாடு உனக்கு, என் பாடு எனக்கு. கெளம்பு அண்ணி."

"விக்கிறதுக்குக் கேக்கல. அறுத்துப் பாக்கறதுக்கு."

"பாத்து? வெசம்னு எழுதுவாங்க. நாளைக்கு எவன் நம்ம மீன வாங்குவான்? நீயும் மீன் வித்துதான துன்ற?"

மங்கம்மா அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சுத்தம்னு எழுதினா கேஸு பூடும்," என்றார். "அப்பால நம்ம பேச்ச எவனும் கேக்க மாட்டான். என் தப்புதான். நான் போட்ட தீனிதான் பொய் சொல்லிச்சு. இத்த நீதான் சரி பண்ண முடியும், கையெடுத்துக் கும்புடறேன்."

அசோகன் ஊசியைக் கீழே வைக்கவேயில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஜானட், நான், மங்கம்மா மூவரும் கரையில் நின்றோம். அசோகன் வலையை இழுத்தார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே மீனைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நாங்கள் வந்த காரைப் பார்த்து நான் நடந்தபோது, மங்கம்மாவின் டிரம்முக்குள் ஏதோ விழும் சத்தம் கேட்டது. அசோகன் ஒவ்வொன்றாக எண்ணிப் பத்து மடவை போட்டுவிட்டுப் படகுக்குப் போனார்.

கரையிலேயே ஜானட் அறுத்தார். பத்துப் பித்தப்பையும் புடைத்துக் கரும்பச்சையாக இருந்தன. மதியத்துக்குள் ஆய்வகத்தில் எண் வந்தது. பழவேற்காட்டைப்போல ஏழு மடங்கு. நான்கு மாத முடிவுகளைத் திரும்பப் பெறுவதாகவும், மீன் எப்போது பிடிக்கப்பட்டது என்று கேட்கத் தவறியது தன் பிழை என்றும் ஜானட் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்து மீனை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தேறிவிட்டது என்று இனி யாரும் சொல்லவும் முடியாது. வழக்கு மூடப்படாது.

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. மங்கம்மா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் இவ்ளோ நாளா வித்தது இன்னா மேடம்?"

ஜானட் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நேத்து எம் புள்ளைங்களுக்கும் அந்த மீனுதான் கொழம்பு," என்றார் மங்கம்மா.