மூக்கடைப்பும் ஒரு பொய்யும்

நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்டில் மெஷின் ஓட்டினேன். என் மனைவிக்குப் பகலில் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. காலையில் நான் மண்ணரையில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் அவள் கிளம்புவாள். நான்கு வயது மகளைப் பகலெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்வேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உதவிக்கு வேறு ஆளில்லை.

நூலிலிருந்து பறக்கும் பஞ்சு கண் இமையில்கூடப் படியும். இரண்டாவது வருஷமே தும்மல் பிடித்துக்கொண்டது, பிறகு மூக்கடைப்பு. மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். தும்மல் அடங்கியது, அடைப்பு விடவில்லை. அதற்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறந்தது. அந்தச் சுகத்துக்கு அடிமையாகிவிட்டேன். ஒரு வருஷமாக அது சட்டைப் பையில் இல்லாமல் வெளியே போனதில்லை. வாசனை தெரியாமல் போய்க்கொண்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியின் நச்சரிப்பில்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அந்த அம்மா மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“இதை நாலஞ்சு நாளைக்கு மேல போடக் கூடாதுங்க. இப்ப உங்க மூக்கை அடைக்கிறதே இதுதான். மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும். அடைப்புக்கு இந்த ஸ்ப்ரே, தினமும் அடிக்கோணும். ரெண்டு வாரமாவது பொறுங்க.”

ஸ்ப்ரேயில் இருப்பது ஸ்டீராய்டு என்று கேட்டதும் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர், “உடம்பு ஊதிப் போயிருமுங்க, அப்புறம் விடவே முடியாது” என்றார். மூன்று நாள் அடித்தேன். பலன் தெரியவில்லை. சொட்டு மருந்தை நிறுத்தியதில் வாயால்தான் மூச்சு விட வேண்டியிருந்தது. நான்காம் நாள் புதிதாக ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். ஸ்ப்ரேயை மேல் தட்டில் வைத்தேன். மனைவி கேட்கும்போதெல்லாம் “அடிச்சேன்” என்றேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை மகளுக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். ஷிப்ட் அலுப்பு, மாத்திரையின் மயக்கம் வேறு. மகள் தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நாறுது.”

“சாக்கடையா இருக்கும், பேசாம வெளாடு” என்றேன், கண்ணைத் திறக்காமல்.

அப்புறம் கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு அக்கா.

“ஏனுங்க தம்பி! கேஸு வாசம் எங்கூடு வரைக்கும் அடிக்குதுங்க! சுவிட்சத் தொடாதீங்க!”

பால் பொங்கித் தீ அணைந்திருந்தது. அடுப்பு திறந்தபடி இருந்தது. நான் கதவைத் திறந்ததும் அக்கா ஓடி வந்து அதை மூடி, ஜன்னலைத் திறந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவள் தலை வலிக்கிறது என்று அழுதாள். என் தோளிலேயே வாந்தி எடுத்தாள். அந்த வாடையும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா போன் செய்து மனைவி வேலையிலிருந்து வந்துவிட்டாள். மகளை ஆஸ்பத்திரியில் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், “மருந்து அடிச்சும் இப்படின்னா டாக்டருட்ட கேக்கணும்லா” என்றபடி மேல் தட்டிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். பாட்டில் நிறைய மருந்து.

“தினமும் இதத்தான் அடிச்சீங்களா?”

நான் சட்டைப் பையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் அவளும் டாக்டரிடம் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவில்லை. இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்த வேறு ஸ்ப்ரே எழுதினார். ஒன்று அலர்ஜியைத் தடுப்பது, இன்னொன்று அதே ஸ்டீராய்டு. மூக்குக்குள் மட்டும் போகிற சின்ன அளவு, உடம்பு ஊதாது என்றார். தலை குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். சொட்டு மருந்தை முதலில் ஒரு பக்கம் நிறுத்தி, அது திறந்த பிறகு மறுபக்கமும் நிறுத்தச் சொன்னார். வேலையில் மாஸ்க் கட்டாயம்.

ஸ்ப்ரே தொண்டையில் கசந்தது. முதல் வாரம் பாதி மூக்கோடு திண்டாடினேன். மூன்றாவது வாரம் கம்பெனிக் கழிப்பறையில் பினாயில் நெடி சுருக்கென்று ஏறியது. வெளியே வர மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

காலையில் அதை மனைவியிடம் சொன்னேன். “நல்லதுதான்” என்றாள். மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவ அங்கன்வாடில சேத்திருக்கேன். இன்னிக்குலேருந்து போவா. சாயந்திரம் நானே கூட்டியாந்திருவேன்.”

“அதான் எனக்கு இப்ப மணக்குதே?”

“மணக்குது, சரி” என்றாள். “நீங்க படுத்துத் தூங்குங்க.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். முதல் நாளென்று மகள் அழுவாள் என நினைத்தேன். அவள் அழவில்லை.