சன்னல் வைத்த வண்டி

நான் பொய் எழுதினேன். அதை நம்பி ஒருவன் சயாமுக்கு ரயிலேறினான்.

என் முதுகில் துப்பாக்கி இருக்கவில்லை. பசியும் என்னை விரட்டவில்லை. நிதானமாக, எண்ணிப் பார்த்தே எழுதினேன்... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் சென்னையில் பட்டம் பெற்றவன். நான் கப்பலேறுமுன், அங்கிருந்த பத்திரிகைகள் மலாயாவைப் புலியும் விஷக்காய்ச்சலும் ஆளும் காடாகச் சித்திரித்தன. அவற்றை வாசித்து என் தாயார் அழுதார். வந்து பார்த்தால், மலாக்கா எங்கள் ஊரைவிட அமைதியாக இருந்தது! அங்கே காஜா பேராங் பகுதியில் என் வீட்டுக் கதவை நான் பூட்டியதே இல்லை. அன்று பிடித்தது ஒரு கர்வம்: தூரதேசத்தைப் பற்றிய அச்சமெல்லாம் கட்டுக்கதை, நேரில் கண்டவனே உண்மை அறிவான்.

ஜப்பானியர் ஆட்சியில் எனக்கு ஒரு தமிழ்ச் செய்தித்தாளில் வேலை கிடைத்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் திரட்டிய காலம் அது. போனவர்கள் மடிகிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. பயணத்தை நேரில் பார்த்து எழுதும்படி ஆசிரியர் என்னை அனுப்பினார். தம்பின் ஊர் ரயில் நிலையத்தில் என்னைப் பயணிகள் பெட்டியில் ஏற்றினார்கள். மெத்தை இருக்கை, அகலமான சன்னல், நல்ல காற்று. சில நிலையங்கள் தள்ளியிருந்த சிரம்பான் வரை போய்த் திரும்பினேன். அவ்வளவுதான் என் சயாம் பயணம்!

ஆனால் தம்பினில், எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றது. இரும்புக் கதவின் இடுக்கில் ஒரு கை. கையில் வெறும் தகரக் குவளை. "தண்ணி... தண்ணி..." தமிழ்க் குரல்.

நான் இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

கண்டதை எழுதவும் இல்லை. ஒரு கையை வைத்து ஒரு பயணத்தையே பழிப்பதா? பீதியைக் கிளப்புவது படித்தவனுக்கு அழகா? எத்தனை நேர்த்தியான வாதங்கள்! 'சன்னல் வைத்த வண்டியில், காற்றோட்டமாகச் செல்கிறார்கள் நம்மவர்கள்' என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டில் வீரனும் அவன் மனைவி மாரியாயியும் இருந்தார்கள். பால்மரக் காட்டில் ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை நின்றபின் மரவள்ளி நட்டுப் பிழைத்தவர்கள். ஆள்பிடிப்பவர்கள் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டார்கள். சயாமுக்குப் போவதா, தெங்கேராக் கடற்கரையில் மச்சானின் படகில் ஏறி ஒளிவதா என்று வீரன் தவித்தான். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. செய்தித்தாளை என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

"ஐயா, நீங்க போயிப் பாத்துட்டுத்தானே எழுதுனீங்க?" என்று மாரியாயி கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

வீரன் சிரித்தான். "அப்பச் சன்னலோரமா உக்காந்தே போறேன் ஐயா. மரவள்ளியத் தின்னு தின்னு எனக்கே வேரு விட்டுருச்சு! வரும்போது சயாம் அரிசி கொண்டாறேன், உங்க வீட்லதான் பொங்கித் திங்கிறோம்."

"பேச்சப் பாரு! மொதல்ல நீ முழுசா வந்து சேரு" என்றாள் அவள்.

போனான். வரவில்லை.

ஜப்பானியர் போனபின், அவனோடு சென்றவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மூடிய சரக்குப் பெட்டிகளைப் பற்றிப் பேசினார்கள். மாரியாயியோ அந்தச் செய்தித்தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறாள்.

உங்களிடம் சொல்வதை அவளிடம் ஏன் சொல்லவில்லை? அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலை நான் பறிக்கலாமா என்கிறேன்... இதுவும் என் நேர்த்தியான வாதங்களில் ஒன்றுதானா?

போன வெள்ளிக்கிழமை, அவித்த கிழங்கோடு வந்தாள். எனக்காக எப்போதும் ஒரு பங்கு எடுத்துவைப்பவள். மடித்த தாளை என் முன்னால் விரித்தாள்.

"திரும்பி வந்தவங்க என்னென்னமோ சொல்றாங்க ஐயா. அவரு ஏறுன வண்டிக்குச் சன்னலு இருந்துச்சுல்ல? அத மட்டும் ஒருக்காப் படிங்க."

படித்தேன்.