சனிக்கிழமைகளில் சாத்திய கதவு

கரண்ட் இருக்கும்போது, அதுவும் பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஒரு சைவ வீட்டுக்குள்ளிருந்து மெழுகுதிரி உருகும் மணம் வந்தால் ஒழுங்கை சும்மா இருக்குமா? வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலோரக் கோச்சிப் பாதைவரை, அதுதான் ரயில் பாதைவரை, இறங்கும் ஒடுங்கிய தெருவான எங்கள் ஒழுங்கை சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டுப் பூமணி அன்ரி எங்கள் படலையில் கையை ஊன்றிக்கொண்டு, "என்ன பிள்ளை, நீங்களெல்லாரும் சேர்ச்சுக்குப் போய் வேதத்துக்கு மாறப் போறியளோ?" என்று என்னிடம்தான் கேட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவிடம் கேட்கத் துணிவில்லாதவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி யோசித்துவிட்டு, "தெரியேல்லை" என்று சொல்லி, அவர்களுடைய சந்தேகத்தை இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டு வருவேன்.

அந்த மணத்துக்குக் காரணமானவர் கொட்டாஞ்சேனை செலஸ்டின் மாஸ்டர். போன மாதம் காலமானார். கிற்றார் வாசித்தவர், வாசித்த கிற்றாரைத் தானே செய்தவர். அவர் செய்த மின்கிற்றார்களில், தொண்டை கட்டிய ஒருத்தி அழுதுகொண்டே பாடுவது போன்ற ஒரு சத்தம் இருந்தது. பைலாப் பாட்டுக்காரர்களிலிருந்து கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுக்கள்வரை அந்தச் சத்தத்துக்காக அவருடைய வாசலில் காத்துக் கிடந்தார்கள். செய்தி வந்த அன்று என் கைத்தொலைபேசியைத் திறந்தால் ஒரே அழுகை. 'குருவே', 'எங்கள் பிதாமகனே', 'அந்தக் கைகளுக்கு முத்தம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தள்ளியிருந்தார்கள். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. இவ்வளவு பேர் அழுகிறார்களே, மனுஷன் உயிரோடிருந்தபோது இவர்களில் எத்தனை பேர் அந்தப் படியேறிப் போய் ஒரு பிளேன்ரீ குடித்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது, 'அந்தக் கைகள்' என்று இவர்கள் உருகும் கைகளில் இரண்டு என் அம்மாவுடையவை என்பது.

அப்பா அப்போது டோஹாவில் இருந்தார். அம்மா வீட்டில் சீலைச் சட்டைகளும் பள்ளிக்கூடச் சீருடைகளும் தைத்தார். மாஸ்டர் முதன்முதலில் வந்தது கிற்றாருக்கு ஓர் உறை தைத்துக்கொள்ளத்தான். அளவெடுத்துக்கொண்டு நின்ற அம்மாவை விட்டுவிட்டு அவர் தையல் மெசினையே பார்த்தார். காலால் மிதிக்கும் பழைய மெசின். அதன் பக்கத்தில் நூல் சுற்றுவதற்கென்று ஒரு சின்னச் சில்லு. "அக்கா, இதில நூலுக்குப் பதிலா கம்பி சுத்தேலுமா?" என்று கேட்டார். மின்கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தச் சுருள் இருக்கும், 'பிக்கப்' என்பார்கள். கிற்றாருக்குக் காது அதுதான். வெளிநாட்டுச் சுருள் கிடைக்காத காலம். தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பியை ஏழாயிரம் தடவை சுற்றவேண்டும், மாஸ்டர் தன் தடித்த விரல்களால் சுற்றினால் ஐந்நூறிலேயே அறுந்துவிடும். அம்மா பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கம்பியை ஓடவிட்டு, ஒரு பின்னேரம் முழுக்க மிதித்து, முதல் நாளே ஒரு சுருளை முடித்துக் கொடுத்தார். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். குண்டுப் பயமிருந்த அந்தப் போர்க்காலக் கொழும்பில் ஒரு தமிழர் பையில் கம்பியும் காந்தமும் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறுவதே ஒரு கண்டம். சோதனைச் சாவடியில் இறக்கி, "மேக்க மொக்கத?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டால், கிற்றாரைத் தூக்கி அந்த இடத்திலேயே ஒரு சிங்களப் பாட்டை வாசித்துக் காட்டிவிட்டு வருவாராம். வந்ததும் முதல் வேலை, யன்னலைச் சாத்துவது, கதவைச் சாத்துவது, ஃபேனை நிறுத்துவது. கடற்காற்று ஒரு மூச்சு விட்டால் போதும், கம்பி போய்விடும். சுற்றி முடித்ததும் அம்மா தன் சிவப்பு நூற்கட்டையிலிருந்து ஒரு முழம் எடுத்து, ரவிக்கைக் கொக்கிக்குப் போடும் அதே முடிச்சைச் சுருளைச் சுற்றிப் போடுவார். பிறகு உருகிய மெழுகில் ஒரு முக்கு. அவ்வளவுதான் விஷயம். ஒழுங்கை மோந்த மணம் இதுதான்.

எண்ணுவது என் வேலை. நூறு சுற்றுக்கு ஒரு பொத்தானை எடுத்துத் தகர மூடியில் போடவேண்டும், எழுபது பொத்தான் விழுந்தால் ஒரு சுருள். உள்ளே புழுக்கம் என்றால் அப்படியொரு புழுக்கம், ஆனால் நான் அசைய மாட்டேன். அந்த வீட்டில் எனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்திருந்ததல்லவா? அறுபத்தோராவது பொத்தான் விழுந்த ஒரு சனிக்கிழமை, ஒழுங்கையில் ஐஸ்பழ வண்டியின் மணி கேட்டது. கதவை ஒரு விரற்கடைதான் திறந்தேன். கம்பி அறுந்தது. அம்மா மெசினை நிறுத்தி, என்னைப் பார்க்காமலே, "எழும்பி வெளியில போ" என்றார். "பரவாயில்லக்கா, சின்னப் பிள்ளைதானே" என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். "சின்னப் பிள்ளை எண்டாப்போல? ஒரு பின்னேரம் முழுக்க வீணாப் போச்சு. இனி இவ உள்ளுக்க வேண்டாம்" என்றார் அம்மா. கதவு என் மூக்குக்கு நேரே சாத்தப்பட்டது.

அன்றிலிருந்து நான் வாசற்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சில்லு கிர்ரென்று ஓடும், பிறகு ஓடாது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அம்மா முடிச்சுப் போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. கதவு திறந்தால் இருவரும் வியர்வையில் தெப்பமாக நனைந்து வெளியே வருவார்கள். எதிர்வீட்டு யன்னல் சீலை கொஞ்சம் ஆடும். "கொம்மா ஏன் பிள்ளை குளிச்ச மாதிரி வாறா?" என்று பூமணி அன்ரி மெதுவாகக் கேட்பார். என்னை உள்ளே விடாத கோபமும் அன்ரி ஊட்டிய சந்தேகமும் சேர்ந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை என்னதான் செய்யாது?

அப்பாவுக்கு நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில்தான் கதைத்து அனுப்புவோம். மாதத்துக்கு ஒன்று, டோஹா போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது. அம்மா வீட்டு விஷயங்கள் கதைப்பார், இடையில் கோச்சி போனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம், கடைசி ஐந்து நிமிடம் 'அப்பாவுக்குத் தனியா' என்று எனக்கு. அந்த மாதம் அம்மா சமைக்கக் குசினிக்குள் போனதும் நான் ரெக்கோடர் பெட்டியோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னேன்: "அப்பா, சனிக்கிழமையில செலஸ்டின் மாஸ்டர் வாறவர். அம்மா கதவைச் சாத்துறவ. யன்னலையும் சாத்துறவ. என்னை வெளியில விடுறவ." ஒரு சொல் பொய்யில்லை. கம்பியைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அப்பாவிடமிருந்து கசெற் வரவில்லை, அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா நின்றபடியே வாசித்தார், மடித்து மெசினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்தார். சனிக்கிழமை மாஸ்டர் வந்தபோது படலைக்குள் விடவில்லை. "இனி ஏலாது மாஸ்டர். எனக்குக் கண் வடிவாத் தெரியுதில்லை" என்றார். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, ஊசியில் நூல் கோர்க்க விளக்குக்கூடத் தேவையில்லை. மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூமணி அன்ரிதான் டோஹாவுக்கு எழுதிப் போட்டுவிட்டார் என்று ஒழுங்கை முழுக்கக் கதைத்தது. கனடாவுக்குப் போகும்வரை அன்ரி அந்தப் பழியைச் சுமந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் பிறகு மோட்டர் திருத்துகிறவர்களிடம் மெசினில் சுற்றுவித்தார். கிற்றார்கள் தொடர்ந்து வந்தன, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. ரசிகர்கள் இன்றுவரை அதற்குக் காரணம் தேடுகிறார்கள். செம்பு மாறிவிட்டது என்கிறது ஒரு கூட்டம், காந்தம் மாறிவிட்டது என்கிறது இன்னொன்று, மனுஷன் குடிக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் கடைசி வரிவரை வாசித்துவிட்டு நான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பேன்.

செத்தவீட்டுக்கு அம்மா தானும் வருவேன் என்று நின்றார். கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன வீட்டு வாசலெல்லாம் வெள்ளைக்கொடி, உள்ளே நிற்க இடமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மாஸ்டரின் பழைய கிற்றார் ஒன்றைக் கழற்றிச் சுருள் தெரிய வைத்திருந்தார்கள். ரொஷான் என்ற ஓர் இளைஞர், ரசிகர் சங்கத்துப் பிள்ளையாம், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தச் சிவப்பு நூலப் பாருங்க. இது நேர்த்தி நூல். மாஸ்டர் ஒவ்வொரு பிக்கப்புக்கும் சேர்ச்சில ஆசீர்வாதம் வாங்கித்தான் இதக் கட்டுவார். அந்தச் சத்தத்துட ரகசியமே இதுதான்." ஆட்கள் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "தம்பி, இது நான் போட்ட முடிச்சு" என்றார்.

ரொஷான் மரியாதையாகத்தான் சிரித்தார். "காலையில இருந்து அஞ்சு பேர் இப்பிடிச் சொல்லிட்டாங்கம்மா. ஒருத்தர் மரம் சீவினாராம், ஒருத்தர்ட அப்பா காந்தம் குடுத்தாராம்." அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், நாற்பது வருடமாக என் கண்ணாடியில் பார்க்கிற பார்வை அது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். சுருளிலிருந்து விடுபட்ட ஒரு கம்பி முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "அது கிடக்கட்டும் தம்பி. அந்த ஃபேனை நிப்பாட்டுங்கோ, கம்பி அறுந்திடும்" என்றார். ரொஷான் அம்மாவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார், என்ன நினைத்தாரோ, எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். நாங்கள் வெளியே வரும்வரை அந்தச் சனம் முழுக்க வியர்த்துக்கொண்டு நின்றது.

திரும்பும்போது ஓட்டோவில் நான் சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பாவுக்குச் சொன்னது பூமணி அன்ரி இல்லை. நான்தான். கசெற்றில சொன்னனான்."

"தெரியும்" என்றார் அம்மா.

"அப்பா சொன்னவரோ?"

"இல்லை. அனுப்ப முதல் நான் முழுக்கக் கேட்டுப்போட்டுத்தானே அனுப்புறனான்."

என் புத்தி எங்கே போகும்? என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கதவைச் சாத்துறவ எண்டு நீ சொல்லேக்க கோச்சி வந்திட்டுது. அப்பாடா, இவருக்கு ஒண்டும் விளங்காது எண்டு நினைச்சன். நீ கோச்சி போய் முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்திட்டு, திரும்பவும் முதலிலயிருந்து சொன்னாய்."

ஆம், சொன்னேன். அந்த நிமிடம்வரை அதை நான் மறந்தே போயிருந்தேன். என் சந்தேகத்துக்கு ஒதுங்க ஓரிடமும் மிஞ்சவில்லை. "அப்ப ஏனம்மா அனுப்பினீங்கள்? அந்த இடத்தை மட்டும் அழிச்சிருக்கலாமே?"

"அழிச்சா ஒளிக்க ஏதோ இருந்த மாதிரியெல்லோ? கொப்பா கேட்டிட்டுச் சிரிப்பார் எண்டு நினைச்சன்." காலிமுகத்திடல் கடந்த பிறகு, "சிரிக்கேல்லை" என்றார்.

இப்போது அந்த ஒழுங்கையில் ஒரு வீடுகூட இல்லை, எல்லாம் மாடிக் குடியிருப்புகள். எங்கள் ஆறாம் மாடி யன்னலை நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும், முன்னால் எழும்பிய கட்டிடத்தைத் தாண்டிக் காற்று வருவதில்லை. தையல் மெசினை அப்பா இருக்கும்போதே விற்றாயிற்று, கசெற்றுகளும் அப்பாவின் டோஹாப் பெட்டியோடு எங்கோ போய்விட்டன. கோச்சி மட்டும் போகிறது. அது போகும்போது அம்மாவும் நானும் பழக்கத்தில் பேச்சை நிறுத்துகிறோம். நான் சொல்ல வந்தது யாரையாவது பற்றிய சந்தேகமாக இருந்தால், கோச்சி போய் முடிந்த பிறகு அதை நான் திரும்பச் சொல்வதில்லை.