கஞ்சான்னே எழுதிக் குடுங்க

கண் சிவந்தவனெல்லாம் கஞ்சா அடிப்பவன் என்று எங்கள் கம்பம் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 2006இல் நான் அங்கே ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். அந்தச் சட்டத்தில் ஒரு டிரைவரின் பிழைப்பு மாட்டிக்கொண்டதை நேரில் பார்த்தேன்.

ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்களின் முதலாளி காதர் பாய். ஒருநாள் தன் டிரைவர் காசிமாயனை முன்னால் தள்ளிக்கொண்டு லேபுக்குள் வந்தார்.

“ஏம்மா, இவன் ரத்தத்துல கஞ்சா இருக்கான்னு பாரு. மலைப்பாதையில அத்தனை பொம்பளைக உசுரு இவன் கையில இருக்கு. இருந்துச்சுன்னா இன்னைக்கே சாவிய வாங்கிருவேன்.”

“எங்கட்ட அந்த டெஸ்ட் இல்ல பாய்.”

“அப்ப இருக்குற டெஸ்ட்ட எடு!”

காசிமாயனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். கண்கள் சிவந்து, இமைகள் தடித்திருந்தன. ஒவ்வொரு முடியின் அடியிலும் தவிடு போல ஏதோ சுற்றி ஒட்டியிருந்தது. “ரெண்டு வருசமா சொட்டு மருந்து தான் தாயி. அரிப்பு மட்டும் போகல” என்றார். தோல் டாக்டர் அனுப்பும் சொறி சிரங்கு ஸ்லைடுகளைப் பார்த்த பழக்கம் எனக்கு உண்டு. சந்தேகம் வந்துவிட்டது. நாலு முடியைப் பிடுங்கி, ஒரு சொட்டு சலைன் விட்டு, மைக்ராஸ்கோப்பின் லோ பவரில் வைத்துப் பார்த்தேன். முடியின் வேரைக் கட்டிக்கொண்டு குட்டைக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தன, ஒன்பது பூச்சிகள். டெமோடெக்ஸ் என்று பெயர், வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

“பூச்சின்னு தெரிஞ்சா ஒருத்தி கூட என் வண்டியில ஏற மாட்டா. என் வீட்டுலயே தட்டத் தனியா வச்சிருவாக. கஞ்சான்னா இந்தச் சாவி மட்டும்தான் போகும். கஞ்சான்னே எழுதிக் குடுங்க தாயி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, கஞ்சாவுக்கு இருக்கிற மரியாதை கூட நோய்க்கு இல்லாத ஊர்மேல். “பொய் எழுத மாட்டேண்ணே. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்” என்றேன். வெளியே போய், “பாய், உங்க இமை முடி ரெண்டு வேணும்” என்று கேட்டேன்.

“எனக்கெதுக்கு?”

“நெறையப் பேருக்கு இருக்குற ஒண்ண உங்களுக்குக் காட்டணும்.”

முனகிக்கொண்டே கொடுத்தார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ஒரு பூச்சியாவது இருக்கும் என்று துணிந்துதான் கேட்டேன். இருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர், “என்னம்மா இது, நெளியுது! யாருது?” என்றார்.

“உங்களோடது தான் பாய். வயசாக ஆக முக்காவாசிப் பேருக்கு இருக்கும். பெருகினாத்தான் தொந்தரவு.”

தோள் துண்டால் கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து காசிமாயன் எழுந்து வந்து, “எனக்குப் பெருகிப்போச்சு மொதலாளி” என்றார்.

காசிமாயன் கொண்டுபோன என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், அவருக்குச் சொட்டு மருந்து எழுதிவந்த கண் டாக்டர் போனில் கத்தினார். “டயக்னோஸ் பண்ண நீ யாரு?”

“பண்ணல சார். பார்த்தேன், எண்ணினேன், எழுதினேன். ஸ்லைடு இருக்கு, வந்து பாருங்க.”

வந்து பார்த்தார். எடைக்குத் தக்கபடி ஐவர்மெக்டின் மாத்திரை எழுதினார். ஒரு வேளை உடனே, இன்னொரு வேளை ஒரு வாரம் கழித்து. கூடவே தினமும் இமையைச் சுத்தம் செய்யச் சொன்னார். மருந்துக்கடைக்காரர், “இது சிரங்கு மாத்திரையாச்சே, கண்ணுக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாராம்.

சிவப்பு அடங்க ரெண்டு மாதமாவது ஆகும். ஊர் அதுவரை பொறுக்குமா? அதைப் பார்க்கவே மறுநாள் காலை ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன்.

“கண்ணு இன்னமும் செவப்பாத்தான இருக்கு?” என்று ஒரு பெண் ஏறாமல் நின்றாள்.

“இமையில பூச்சி ஆத்தா. மாத்திரை திங்கிறேன்” என்றார் காசிமாயன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

காதர் பாய் வந்து முன் சீட்டில், டிரைவரை ஒட்டி உட்கார்ந்தார். “எனக்குந்தான் இருக்கு. ஏறு, நேரமாச்சு.”

ஏறினார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் கத்துவார், முதலாளி முறைப்பார், நோயாளியே கும்பிட்டு வேண்டாம் என்பார். பார்த்ததை எழுதுங்கள்.