பாஸ்வேர்டு கொடுக்காத சஜிதா

காரைக்காலில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்கள் பக்கத்துப் படங்களை எடுக்கச் சஜிதாவைத்தான் கூப்பிடுவார்கள். பத்து வருடத்துக்கு முன்பு அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சொந்தத்தில் ஒரு நிக்காஹ். கேமராக்காரர் பெண்கள் கூடத்து வாசலோடு நிறுத்தப்பட்டார். அன்றைக்கு மணப்பெண்ணுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மறுமாதமே சஜிதா கேமரா வாங்கிவிட்டாள்.

அவள் தொழிலுக்கு விளம்பரம் ஒரே வாக்கியம்: "ஆம்பளை கண்ணு படாது." எடுப்பதும் அவள், லேப்டாப்பில் திருத்துவதும் அவள், வீட்டுப் பிரிண்டரில் அச்செடுத்து ஆல்பம் ஒட்டுவதும் அவளேதான். ஒரு படம்கூட வெளியே போகாது.

அந்த லேப்டாப்புக்கு இப்போது ஒன்பது வயது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கமருன்னிசா மாமியின் மகள் கல்யாண ஆல்பம் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். அன்று செவ்வாய். சஜிதா லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் நூர் அகமதுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனாள். அவளை அவன் அக்கா முறை வைத்து 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவான்.

"ஹார்ட் டிஸ்க் சாகப் போகுது லாத்தா. அதை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் ஏத்திட்டா பறக்கும். வச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தர்றேன். பாஸ்வேர்டை இந்தச் சீட்டுல எழுதிடுங்க."

"பாஸ்வேர்டு எதுக்கு?"

"டெஸ்ட் பண்ண வேணாமா? நம்ம ஆளு கடைதானே, என்ன பயம்?"

அப்போதுதான் பக்கத்து மேசையைப் பார்த்தாள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப் அங்கே திறந்திருந்தது. திரையில் மருதாணிக் கையைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பெண். படம் மாறியது. அதே பெண், தலையில் துணி இல்லாமல், தங்கச்சிமாரோடு. கடையில் வேலை பார்க்கும் இருவர் வடையைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன தம்பி?"

"டெஸ்டிங்தான் லாத்தா. போட்டோ ஓடவிட்டா ஸ்பீடு தெரியும்."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா, நீங்க இப்புடி ஸ்பீடு பாக்குறது?"

நூர் அகமது கையை நீட்டித் திரையை மூடினான். முகத்தில் வெட்கம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. சஜிதா தன் லேப்டாப்பை இழுத்துப் பைக்குள் போட்டாள்.

"சாமானை மட்டும் குடுங்க. நானே மாட்டிக்கிறேன்."

"இது தையல் மிஷின் இல்ல லாத்தா. ஸ்க்ரூ மிஞ்சினா எடுத்துட்டு வாங்க."

"மிஞ்சினா உங்க கண்ணுக்கு மூடி செஞ்சு முடுக்கிவிடுறேன்."

எஸ்எஸ்டி, ரேம், பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுக்க ஒரு கேபிள். மூன்றையும் வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவில் ஏறினால் டிரைவரிடமும் சண்டை போட்டுவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

புதன் காலையில் போட்ட நகல் முடியச் சாயங்கால அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அதற்குள் போனில் நான்கு வீடியோ பார்த்துவிட்டாள். லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்தாள். பின்மூடியில் பதினொரு ஸ்க்ரூ. பத்து வந்தன. பதினொன்றாவது உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தாள். பிறகு ஸ்க்ரூ தலை வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் பேண்டை மேலே வைத்து அழுத்தித் திருகினாள். நூர் அகமதுவின் காதைத் திருகுவதாக நினைத்துக்கொண்டாள். வந்துவிட்டது. காலாவதியான ஏடிஎம் அட்டையால் மூடியைச் சுற்றி நெம்பினாள். பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். பழைய டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள். அந்த இடத்தில் எஸ்எஸ்டி சரியாக உட்கார்ந்தது. ரேமையும் செருகினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கமருன்னிசா மாமி.

"ஏண்டி புள்ள, எம் மவ படத்தைக் கடையில குடுத்துட்டியாமே!"

"யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டு கடையில பையோட நின்னியாம். பாத்தவங்க சொன்னாங்க."

"நின்னேன் மாமி. குடுக்கல."

மாமியின் கண் மேசைக்குப் போனது. "பின்ன இதை யாரு இப்படிக் குடலை உருவிப் போட்டது?"

"நான்தான்."

"நீயா? கடைக்காரன் வந்துட்டுப் போனான்னு சொல்லு, நம்புறேன்."

பத்து வருடத்தில் ஒரு படம் வெளியே போனதில்லை. அதெல்லாம் யாரோ பார்த்ததாகச் சொன்ன ஒரு பேச்சில் அடித்துக்கொண்டு போய்விட்டது. சஜிதா பேட்டரியை இணைத்து, நிமிர்த்தி, பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சா?" என்றாள் மாமி. "யா அல்லாஹ், எல்லாம் போச்சா?"

"வாயை மூடிட்டு உக்காருங்க மாமி!"

இந்த வீட்டில் அப்படி யாரும் மாமியிடம் பேசியதில்லை. மாமி உட்கார்ந்துவிட்டாள். சஜிதா மறுபடி அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ரேமை வெளியே எடுத்தாள். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, முன்பு பயந்து பயந்து செருகியதை இந்த முறை கோபத்தோடு அழுத்தினாள். இரண்டு பக்கமும் 'டக்'கென்று பிடித்தது. முன்பு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

பொத்தான். திரையில் வெளிச்சம். ஆல்பத்தின் பன்னிரண்டாம் பக்கம் தொட்டதும் திறந்தது. மாமியின் மகள் ஜரிகைத் துப்பட்டாவில் சிரித்தாள்.

"மாஷா அல்லாஹ்!" மாமிக்குக் குரல் இளகியது. "நான் என்ன, உன்னையா சந்தேகப்பட்டேன்?"

"வேற யாரை மாமி?"

மாமி மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கைத் தொட்டாள். "எம் மவ படம் இதுலயும் இருக்கும்ல? இதை எங்கிட்ட குடுத்துரு. பீரோவுல பூட்டி வச்சிக்கிறேன்."

சஜிதா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல உங்க மவ மட்டும் இல்ல. நாப்பது வீட்டுப் புள்ளைங்க இருக்கு. கடைக்காரனுக்குக் குடுக்காததை உங்களுக்கு எப்புடிக் குடுப்பேன்?"

"நான் என்ன ஆம்பளையாடி?"

"உங்க வீட்டுல மூணு பேரு இருக்காங்கள்ல."

மாமி எழுந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்துரணும்."

"வரும். போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க மாமி."