கதவோரத்துத் தரை

கஞ்சியில் இரண்டு விரலை நனைத்து எடுத்துக் கட்டைவிரலோடு உரசிப் பார்க்கிறார் அருள்ஜோதி. போதவில்லை. இன்னொரு கரண்டி வடிகஞ்சியை வாளியில் ஊற்றிக் கலக்கி, மறுபடி உரசுகிறார். இந்த முறை விரல்கள் பிரியும்போது லேசாக ஒட்டிக்கொள்கின்றன. "இப்ப சரி" என்று வாளியிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் சுற்றிக் கட்டும் என்னுடைய பச்சை லோஞ்சியை அதற்குள் அமுக்குகிறார். தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருவில் பள்ளிக்கூட வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாருடைய வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியும் அவர் கைபட்டுத்தான் விறைப்பாகின்றன.

தேய்ப்பது கரிப் பெட்டியில். மின்சாரப் பெட்டி ஒன்று உண்டு, அலமாரிக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கிறது. "மீயை நம்பி ஊர்த் துணியை வாங்கி வைக்க முடியுமா டீச்சர்? சட்டையில பாதி தேய்ச்சிருப்பேன், மீ போயிரும்" என்பார். மின்சாரத்துக்குப் பர்மியர்கள் சொல்லும் வார்த்தை அது. எங்கள் தமிழிலும் அதுதான்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு. கன்னத்தில் வட்டமாய்த் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, வலது முன்கையில் பெட்டி சுட்ட தழும்புகள் ஏணிப்படி போல. எதைச் சொன்னாலும் "யபாடெ, யபாடெ" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். துணி தாமதமானாலும் யபாடெ, மழையில் நனைந்து வந்தாலும் யபாடெ. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை வராது. தேய்த்த துணியை வாங்கப் போகிறவர்களை "சாப்டீங்களா?" என்று கேட்பார். எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அருள்ஜோதி அதோடு விடமாட்டார். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, மிச்சம் வைத்தீர்களா என்று குறுக்கு விசாரணை நடக்கும். "அரைக் கிண்ணம் மோஹிங்காவெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று என்னை எத்தனையோ காலை திட்டியிருக்கிறார்.

திட்டி முடித்ததும், பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, அந்த வாக்கியத்தைச் சொல்வார். "எங்க வீட்டுக்காரரு வயிறு நெறஞ்சுதான் போனாரு. அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கு."

வீட்டுக்காரர் மைக்கேல், ஓட்டுநர். எண்பதுகளில் ஜப்பானில் செய்த ஒரு வண்டி அவரிடம் இருந்தது. சின்ன பஸ் அளவு. உள்ளே கட்டில், சாப்பாட்டு மேசை, கதவோரமாய் ஒரு பெஞ்சு, எரிவாயு அடுப்பு, தரை முழுக்க ஒட்டிய செந்தவிட்டு நிறக் கம்பளம். தெருவில் அதை 'வீட்டுக் கார்' என்பார்கள். வெளிநாட்டுக்காரர்களை அதில் ஏற்றிக்கொண்டு பகானுக்கும் இன்லே ஏரிக்கும் போவார். திரும்பி வந்ததும் அருள்ஜோதி மண்டியிட்டுக் கம்பளத்தைத் துலக்குவார். ஊரெல்லாம் சுற்றிய மண் அதில் இருக்கும்.

பெருந்தொற்றில் பயணங்கள் நின்றன. மறு வருஷ ஜூலையில் மைக்கேலுக்குக் காய்ச்சல் வந்தது. மகள் ஷைலாவுக்கு ஆஸ்துமா. அதனால் அவர் வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்ற வீட்டுக் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அருள்ஜோதி வேளா வேளைக்குக் கஞ்சி கொண்டுபோய்ப் படியில் வைப்பார். "நீ உள்ள போ, அப்பதான் தொறப்பேன்" என்று மைக்கேல் உள்ளிருந்து சொல்வார். கொஞ்ச நேரத்தில் காலிக் கிண்ணம் படியில் இருக்கும். "கட்டில்ல சொகமா படுத்திருக்கேன். நீ போய்த் தூங்கு" என்பார்.

ஒரு நாள் காலை குரல் வரவில்லை. பக்கத்தில் பழைய மரம் விற்கும் தச்சர் அய்யூபைக் கூட்டிக்கொண்டு அருள்ஜோதி ஆக்சிஜன் வரிசைக்கு ஓடினார். ஊரே அந்த வரிசையில் நின்ற மாதம் அது. சிலிண்டர் கிடைக்காமல் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. உதவிக் குழுப் பிள்ளைகள் கவச உடையில் வந்தார்கள். அருள்ஜோதியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அய்யூப் மட்டும் அவர்களோடு உள்ளே போனார். உடலை அப்படியே எரிக்கக் கொண்டுபோனார்கள். கல்லறை கிடையாது. வண்டிக்குள் மருந்து அடித்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு அருள்ஜோதி அதை வெளியில் மட்டும் துடைப்பார், திறந்ததில்லை.

ஷைலா வேலைக்காகப் பாங்காக் போய்விட்டாள். சென்ற ஆண்டு மழை ஓய்ந்த பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வந்து, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னார். மகளோடு போய்விடலாமே என்று கேட்டேன். "அங்க போய் அவ தோள்ல தொங்கணுமா? எனக்குத்தான் வீடு இருக்கே" என்று முற்றத்துப் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டு கரியை ஊதத் தொடங்கிவிட்டார்.

அய்யூப் தன் மரக்கடை முற்றத்தில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். வண்டியைக் கட்டி இழுத்து அங்கே கொண்டு சேர்த்தார்கள். கதவைத் திறந்ததும் வந்த வாடையில் அய்யூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூரை ஒழுகிக் கம்பளம் பூஞ்சை பிடித்திருந்தது.

"மா ஜோதி, இதுல மனுஷர் படுக்க முடியாது. கார்ப்பெட்டு மொத்தத்தையும் எடுத்துரணும். லான்மடாவ்ல இடிச்ச ஒரு பழைய வீட்டுத் தேக்குப் பலகை எங்கிட்ட கெடக்கு. அதப் போட்டா ஆயுசுக்கும் இருக்கும்" என்றார். அவர்களுக்குள் பர்மிய மரியாதைதான். அவர் 'மா' என்பார், இவர் 'கோ' என்பார்.

"தொவைச்சா போகாதா, கோ அய்யூப்?"

"போகாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. எனக்கும் பள்ளி விடுமுறை, கூடப்போனேன். அய்யூப் பின்பக்கம் கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பளத்தைக் கிழிக்க ஆரம்பித்தார். பசை விட்டு அது பிரியும்போது துணி கிழிபடும் சத்தம் வந்தது. கிழித்ததை நானும் அருள்ஜோதியும் சுருட்டி வெளியே இழுத்துப் போட்டோம். கட்டில் பக்கத்துக் கம்பளம் ஈரமும் பூஞ்சையுமாய்த் தொளதொளவென்றிருந்தது. மேசைப் பக்கமும் அப்படித்தான். கதவருகே வந்ததும் அய்யூப் வேகத்தைக் குறைத்தார். "இத நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

அருள்ஜோதி கேட்கவில்லை. குனிந்து, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது மடங்கவில்லை. பலகை போல விறைத்துக்கொண்டு வந்தது. சிறிய வெள்ளை மணிகள் அதில் அங்கங்கே ஒட்டியிருந்தன. அவர் விரல் நுனியால் தடவினார். நகத்தால் சுரண்டி எடுத்து, எச்சில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசினார்.

எனக்குப் புரிவதற்கு முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

"கஞ்சி" என்றார்.

அய்யூப் உளியைக் கீழே வைத்தார்.

"இது நான் வச்ச கஞ்சி, டீச்சர். சோறு அப்படியே கெடக்கு. ஒரு வேளைக் கஞ்சி இல்ல இது." பெஞ்சுக்கு அடியில் மறுபடி கையை விட்டார். உள்மூலை வரைக்கும் அப்படித்தான் விறைத்திருந்தது. "ஒரு நாள் இஞ்சி தட்டிப் போட்டேன். ஒரு நாள் கருவாடு சுட்டு வச்சேன். வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு... கிண்ணம் காலியா வந்துச்சே!"

பிறகு அவர் அய்யூபைப் பார்த்தார். "கட்டில்லதான் கெடந்தாருன்னு சொன்னீங்க."

அய்யூப் கதவின் மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கதவு உள்பக்கமா மடங்குற கதவு, மா ஜோதி. அன்னிக்குத் தொறக்க முடியல. அவரு கதவுல சாஞ்சு கெடந்தாரு. டிரைவர் பக்கமா ஏறித்தான் உள்ள போனோம். கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாம இருந்துச்சு. மொதல் நாள்லேருந்தே இங்கயே கெடந்திருப்பாரு போல."

"நாலு வருஷமா எங்கிட்ட சொல்லலையே."

"என்னன்னு சொல்லுவேன்?"

அருள்ஜோதி படியில் உட்கார்ந்தார். அழவில்லை. குரல் மட்டும் மெதுவாக வந்தது. "கிண்ணம் காலியா வந்ததால நான் பயப்படல. சாப்புடுறவருக்கு என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை பாதிக் கஞ்சி திரும்பி வந்திருந்தா கதவ ஒடச்சிருப்பேன். முன்னாடியே வரிசைக்குப் போயிருப்பேன்."

"போயிருந்தாலும் கெடச்சிருக்காது. அப்ப யாருக்குக் கெடச்சுது?"

"போயிருப்பேன்ல, கோ அய்யூப்."



அன்று வேலை அதோடு நின்றது. விறைத்திருந்த பகுதியை மட்டும் அறுத்துத் தரச் சொல்லி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அருள்ஜோதி வீட்டுக்கு நடந்தார். பின்னால் போனேன். அவர் அதை வாளியில் ஊறப்போட்டார். பிறகு கல்லில் போட்டுக் கசக்கித் தேய்த்தார். வெளுத்த தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடவில்லை. கொடியில் காயப்போட்டார். மறுநாள் அது காய்ந்து, தொட்டால் துவள்கிற சாதாரணக் கம்பளத் துண்டாக இருந்தது. குப்பை வண்டி வந்தபோது தானே எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் தேய்க்கத் துணி வாங்கவில்லை. நான் கசங்கிய லோஞ்சியோடு பள்ளிக்குப் போனேன். அதன் பிறகு ஒரு காலை, மரக்கடையில் சுரண்டும் சத்தம் கேட்டது. அருள்ஜோதி மண்டியிட்டு, காய்ந்த பசையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். அய்யூப் உதவிக்கு வந்தால் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். கதவுப் பக்கத்தை அவரே சுரண்டினார்.

உளுத்த அடிப்பலகையை மாற்றி, அதன் மேல் தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாய் இறக்கினார்கள். சக்கரத்தின் மேடு வருகிற இடத்தில் பலகையை வளைவாக அறுக்க வேண்டியிருந்தது. அய்யூப் ஒவ்வொரு பலகைக்கும் திருகாணி போட்டார். ஆணி அடித்தால் சீக்கிரம் முடியுமே என்றார் அருள்ஜோதி.

"ஓடுற வண்டிக்கு ஆணி நிக்காது. குலுக்கல்ல கழண்டுரும்."

"இனிமே இது எங்க ஓடப் போகுது?"

அய்யூப் கையிலிருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருகாணியே போட்டார்.

வேலைக்கு நடுவில் ஷைலா வீடியோவில் கூப்பிட்டாள். பர்மியும் தமிழும் மாறி மாறி வந்தன. "அமே, அப்பா காரு உள்ள பூரா மாத்திட்டியா? அப்பாவோடது ஏதாச்சும் கெடச்சுதா?" என்று கேட்டாள். அருள்ஜோதி செல்பேசியைத் தரைப் பக்கம் திருப்பிப் புதுப் பலகைகளைக் காட்டினார். "ஒண்ணுமில்லடி. வெறும் தூசி. நீ சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றாள் அவள். என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்கவில்லை. திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய வாக்கியம் அவர் வாயில் இப்போது வருவதே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் கரியை இன்னும் கொஞ்ச நேரம் ஊதுகிறார்.

கடைசியாகக் கதவோரம் மிச்சமிருந்தது. பலகை ஏறியதால் தரை உயர்ந்துவிட்டது. கதவு உள்ளே மடங்கும்போது உரசியது. அய்யூப் அந்தப் பலகைகளைக் கழற்றி, இழைப்புளியால் சீவிச் சீவி மெலிதாக்கி மறுபடி பொருத்தினார். கதவு சத்தமில்லாமல் மடங்கியது. மரத்தூளைத் தட்டிவிட்டு அவர் தொழுகைக்குப் போனார்.

நானும் அருள்ஜோதியும் மட்டும் இருந்தோம். அவர் ஈரத்துணியால் தரையைத் துடைத்து முடித்தார். துணியைப் பிழிந்து வெளியே போட்டார்.

"கடைசி ராத்திரி அவரு பதிலே சொல்லல, டீச்சர். தூங்கிட்டாருன்னு நெனச்சேன். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டுத்தான் போனேன். மழை பேஞ்சுது" என்றார்.

பிறகு கதவோரத்தில் தரையிலேயே படுத்தார். முழங்காலை மடக்கி, தலையைக் கதவடியில் வைத்துக்கொள்ள இடம் பார்த்தார்.

"வெளிய போய்க் கதவ இழுத்து விடுங்க. படிக்குக் கீழ நின்னு ஏதாச்சும் பேசுங்க. கத்த வேணாம். சாதாரணமா. இங்க கேட்டுச்சுன்னா தட்டுறேன்."

நான் இறங்கிக் கதவை இழுத்தேன். அது மடிப்பு விரிந்து சாத்திக்கொண்டது. மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. "அக்கா, மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில துணி கெடக்கு. நான் போய் எடுத்து வைக்கட்டுமா?" என்றேன்.

உள்ளே சத்தமில்லை. மரக்கடைக்கு வெளியே ஒரு பஸ் போய் ஓய்ந்தது. பிறகு கதவின் அடியில், என் முழங்கால் உயரத்தில், விரலால் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது.