ஆறு பேரின் சராசரி

1. கவுண்டரில் வந்து நின்றவர்

பத்தாவது முடித்தவர்கள் சேரும் ப்ரீடிகிரி வகுப்புக்கான ரேங்க் லிஸ்டை போர்டில் ஒட்டிய மறுநாள் காலை, காதர் ராவுத்தர் எங்கள் ஆபீஸ் கவுண்டரில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மகள் நூர்ஜஹான், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபதுகளின் கடைசி அது. அந்தக் கல்லூரியில் நான் அட்மிஷன் செக்‌ஷன் கிளார்க்.

ராவுத்தர் மட்டாஞ்சேரியில் ஒரு பாண்டிகசாலையில் மிளகு தரம் பார்க்கிறவர். சரக்குக் கிடங்கை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சட்டையிலும் மிளகு வாசனைதான்.

"சாரே, சண்டைக்கு வரலை. ஒரு சம்சயம் கேக்கணும்" என்றார். "என் மவ தமிழ்ல எண்பத்தாறு. இவ கூட்டுக்காரி ஷீலா மலையாளத்துல எழுபது. மத்த பாடமெல்லாம் கூட்டினா ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. ஷீலாவுக்கு செகண்ட் குரூப் கிடைச்சிருக்கு. இவளுக்குத் தேர்ட் குரூப்தான்னு எழுதியிருக்கு. அதெப்படி சாரே?"

செகண்ட் குரூப் என்றால் பயாலஜி. டாக்டருக்குப் படிக்க அதுதான் வழி. தேர்ட் குரூப் என்றால் சரித்திரமும் பொருளாதாரமும். நூர்ஜஹான் எட்டாம் வகுப்பிலிருந்தே டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எர்ணாகுளம் காலேஜ்களில் அட்மிஷன் முடிந்துவிட்டது. எங்கள் லிஸ்ட்தான் அவளுக்குக் கடைசி லிஸ்ட்.

2. ஸ்கேலிங்

காரணம், மொழி மார்க்கை ஏற்றி இறக்கும் ஸ்கேலிங். அது எதற்காக வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழியாக மலையாளம் எழுதலாம், தமிழ் எழுதலாம், சமஸ்கிருதம், அரபி எழுதலாம். சில மொழிகளில் மார்க் தாராளமாக விழும். மலையாளப் பேப்பர் திருத்துகிறவர்கள் கை இறுக்கம். எல்லா மார்க்கையும் அப்படியே கூட்டி ரேங்க் போட்டால், மலையாளம் எழுதின பிள்ளைகள் பின்னால் போய்விடுகிறார்கள் என்று வருஷா வருஷம் புகார்.

அந்த வருஷம் அட்மிஷன் கமிட்டியில் இருந்த கணக்கு லெக்சரர் ஒரு வழி சொன்னார். விண்ணப்பித்தவர்களில் ஒரு மொழியை எழுதியவர்களின் சராசரி மார்க்கைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவரின் மார்க்கிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து, ஐம்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மலையாளத்தின் சராசரி ஐம்பத்தைந்து. ஷீலாவின் எழுபது, அறுபத்தைந்து ஆயிற்று. தமிழின் சராசரி எண்பத்திரண்டு. நூர்ஜஹானின் எண்பத்தாறு, ஐம்பத்துநாலுக்கு இறங்கிவிட்டது.

சராசரி கண்டுபிடித்தது நான்தான். கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் இரண்டு வாரம் வேலை. மலையாளம் எழுதியவர்கள் ஐந்நூறுக்கு மேல். தமிழ் எழுதியவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு என்று எழுதும்போதே மனதில் உறுத்தியது. ஆனால் கேட்கவில்லை. நானும் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். கமிட்டி முன்னால் போய் நின்றால், தமிழன் தமிழுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அப்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

3. புடைத்ததும் புடைக்காததும்

ஒரு வெள்ளைத் தாளில் இந்தக் கணக்கை எழுதி ராவுத்தரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"சரி, வழி மனசிலாயி. வெளஞ்ச இடத்தைப் பாத்து மிளகுக்கு எடை ஏறி இறங்கும், அதைக் கணக்குல எடுக்கணும். நாங்களும் எடுப்போம். தமிழ்ல எத்தன பேரு சாரே?"

"ஆறு பேர்."

"ஆறா?" கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மூட்டையக் குத்திப் பாத்துட்டு ஒரு லாட்டுக்கு விலை சொன்னா எங்க முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரே."

கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார்.

"இன்னொண்ணு சாரே. எங்க ஸ்கூல்ல தமிழ் எழுதின பிள்ளைங்க நாப்பது பேரு. முப்பது நாப்பது மார்க்கு வாங்கினவன் எவனும் உங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போடலை. ஒருத்தன் சுமடு தூக்கப் போயிட்டான், ஒருத்தன் ஹோட்டலுக்குப் போயிட்டான். நல்லா வாங்கின ஆறு பேருதான் இங்க வந்தது. மலையாளத்துல நல்லவனும் வந்தான், சுமாரும் வந்தான். அது புடைக்காத மிளகு, தூசியோட இருக்கு. இது புடைச்ச மிளகு. ரெண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டா, புடைச்சதுதானே நஷ்டப்படும்?"

பத்து வருஷ சர்வீஸ் எனக்கு. கணக்கு லெக்சரர் எம்.எஸ்ஸி. அவருக்கும் தோன்றாதது, எனக்குத் தோன்றியும் நான் விழுங்கியது, மிளகு மூட்டைக்கு நடுவிலிருந்து வந்த மனிதருக்கு இரண்டு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது.

"எழுதிக் கொடுங்க, பிரின்சிபாலிடம் கொண்டுபோறேன்" என்றேன்.

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் சாரே. மவ எழுதும்" என்றார்.

நூர்ஜஹான் கவுண்டர் பலகையிலேயே தாளை வைத்து அத்தா சொன்னதை எழுதினாள். தெளிவான கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

4. போர்டில் வந்தாச்சு

பிரின்சிபால் மனுவை இரண்டு தடவை என்னை மலையாளத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நல்ல மனுஷர்தான். "இதில் நியாயம் உண்டு" என்றார் மலையாளத்தில். "லிஸ்ட் போடுறதுக்கு முன்னால் இது ஏன் என்கிட்ட வரலை?"

"கவனிக்கலை சார்" என்றேன். அது பொய்.

"லிஸ்ட் போர்டில் வந்தாச்சு. ஒரு பெண்குட்டிக்கு மாத்தினா நாளைக்கு நூறு பேர் இங்கே வந்து நிப்பாங்க. சீட்டும் ஃபுல். அடுத்த வருஷம் சரி செய்யலாம். நீங்க ஒரு குறிப்பு எழுதி வைங்க."

முதல் நாளே நான் கேட்டிருந்தால் அது ஒரு வரி மாற்றம். லிஸ்ட் ஒட்டிய பிறகு அது ஒரு கல்லூரியின் மானப் பிரச்சினை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நான் குறிப்பு எழுதப் போய்விட்டேன்.

ராவுத்தரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சரி சாரே, நீங்க முயற்சி பண்ணினீங்க" என்றார். அதற்குப் பதிலாக என்னைத் திட்டியிருக்கலாம். நூர்ஜஹான் தேர்ட் குரூப்பில் சேர்ந்தாள்.

5. அடுத்த வருஷ நோட்டீஸ்

அடுத்த ஜூனில் புதிய விதி வந்தது. முப்பது பேருக்கும் குறைவானவர்கள் எழுதிய மொழிக்கு ஸ்கேலிங் கிடையாது. என் குறிப்பில் இருந்த வாசகம்தான். நானே டைப் செய்து நானே போர்டில் ஒட்டினேன். அந்த வருஷம் தமிழ் எழுதிய இரண்டு பேருக்கு செகண்ட் குரூப் கிடைத்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, நல்ல காரியம் செய்தீர் என்று கை கொடுத்தார்.

அன்று மத்தியானம் நூர்ஜஹான் ஏதோ ஃபாரம் வாங்க வந்தாள். போர்டைப் படித்துவிட்டு என் கவுண்டர் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"சார், இது எங்க அத்தா சொன்னதுதானே?"

"ஆமாம்மா."

"நல்லது சார்." போர்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "லிஸ்ட் போடுறதுக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியுமா சார்?"

இந்த முறை பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

அவள் தலையசைத்தாள். ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் என் ஜன்னலுக்கு வந்ததில்லை. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அடுத்த ஜன்னலில் போய் நிற்பாள்.

ஆபீஸ் வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு சராசரி உங்கள் மேஜைக்கு வந்தால், அதில் எத்தனை பேர் என்று பாருங்கள். அதில் வராமல் போனவர்கள் யார் என்றும் பாருங்கள். உறுத்தினால் அன்றைக்கே கேளுங்கள். தன் ஆளுக்காகப் பேசுகிறான் என்று சொல்வார்கள், சொல்லட்டும். நான் ரிட்டயர் ஆன அன்று எல்லா ஃபைலையும் ஒப்படைத்தேன். அவள் கவுண்டரில் எழுதிய அந்த மனுவை மட்டும் ஒப்படைக்கவில்லை. விதிப்படி அது தப்பு. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.